கடல் ஏன் பச்சையாகிறது? பூங்கோரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சான் காற்று ஓய்கிற புரட்டாசி மாதத்தை ஒட்டி, பாம்பனிலிருந்து மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை வரைக்கும் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா ஓரமாகச் சில வருடங்களில் ஒரு காட்சி வரும். முந்தின நாள் வரை சாதாரணமாக இருந்த கடல், காலையில் போய்ப் பார்த்தால் இலையை அரைத்துக் கரைத்துவிட்ட மாதிரி பச்சையாகக் கெட்டித்து நிற்கும், ஒரு வாடை அடிக்கும், அலை ஒதுங்குகிற இடத்தில் மீன் செத்துக் கிடக்கும். எங்கள் பக்கம் இதைப் பூங்கோரை என்பார்கள். பெரிய அளவில் அடித்த 2019 செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு என் ஃபோன் ஓயவே இல்லை. கடலுக்குப் போகிற மச்சான் கேட்டது, மீன் வாங்கப் பயந்த அக்கா கேட்டது, கல்லூரிப் பிள்ளைகள் கேட்டது, சுற்றுலா வந்தவர்கள் கேட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த முறை கடல் நிறம் மாறும்போது யாரும் பொய்ச் செய்தியை நம்பிப் பதறக் கூடாது, அதுதான் என் ஆசை.

பூங்கோரை என்றால் என்ன? பாசிதானே?

பாசி என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் பாசி இல்லை. நம் பெண்கள் தீவு ஓரத்தில் மூழ்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி, அதையெல்லாம் கையால் பிடிக்கலாம், காயப் போடலாம், மூட்டை கட்டி எடைக்குப் போடலாம். பூங்கோரை ஒற்றைச் செல் உயிர். அறிவியலில் அதன் பெயர் நாக்டிலூகா சின்டிலன்ஸ். ஒற்றைச் செல் என்றதும் நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம், சில செல்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் வளரும், வெறும் கண்ணுக்கே தெரியும்.

2019-இல் நான் காலிப் பெயிண்ட் வாளி ஒன்றில், வெள்ளை வாளி, அந்தத் தண்ணீரை மோந்து நிழலில் வைத்துப் பார்த்தேன். மோந்த உடனே பார்த்தால் பச்சைச் சாயம் கலந்த மாதிரிதான் இருந்தது. அசைக்காமல் கால் மணி நேரம் விட்டதும் பச்சை முழுக்க மேலே ஏறி, பாலில் ஆடை படிந்த மாதிரி ஒரு படலமாக நின்றது, அதற்குக் கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. விரலை விட்டு எடுத்தால் ஊறப்போட்ட கசகசா மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டியது. ஒவ்வொரு உருண்டையும் ஒரு தனி உயிர். அதற்குச் சின்னதாக ஒரு வால் போன்ற உறுப்பு உண்டு, அதில் இரையை ஒட்டவைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கிற நுண்பாசி, சிற்றுயிர்களின் முட்டை, மீன் முட்டை என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். அதனால் இதைச் செடி என்பதை விட வேட்டையாடி என்பதுதான் பொருத்தம்.

வேட்டையாடி என்றால் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பதில் ஒரு குடித்தனக் கதை. நாக்டிலூகாவுக்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. குளிர்ந்த கடல்களில் இருக்கிற அதே இனம் செந்நிறமாக, ஆரஞ்சாகத்தான் இருக்கும், அங்கே அது முழுக்க முழுக்க இரை தின்றே வாழும். நம்முடையது போன்ற வெப்பக் கடல்களில் அதன் உடலுக்குள், பலூனுக்குள் தண்ணீர் நிரப்பிய மாதிரி இருக்கிற அந்த வெற்றிடத்தில், ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பச்சை உயிர்கள் நீந்திக்கொண்டிருக்கும். வெயிலில் அவை உணவு தயாரிக்கும், அதில் ஒரு பங்கு வீட்டுக்காரனுக்குப் போகும். வீட்டுக்காரன் தின்ற இரையின் கழிவு குடியிருப்பவர்களுக்கு உரமாகும். இதனால் பச்சை நாக்டிலூகா இரை கிடைத்தால் தின்னும், கிடைக்காவிட்டால் வெளிச்சத்தை வைத்தே வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இரண்டு கையாலும் சம்பாதிக்கிற ஆளைத் தோற்கடிப்பது கஷ்டம் இல்லையா, மற்ற நுண்ணுயிர்களை அது முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் குடியிருப்பாளனை முதலில் விவரித்துப் பெயர் வைத்தவர் நம் நாட்டு ஆய்வாளர். கோழிக்கோடு கடல் பச்சையானபோது எடுத்த நாக்டிலூகாவைப் பார்த்து, ஆர். சுப்பிரமணியன் 1954-இல் அதற்கு புரோட்டோயூக்ளினா நாக்டிலூகே என்று பெயரிட்டார். 1970-களில் அதை வேறு பேரினத்தில் சேர்த்து பெடினோமோனாஸ் என்றார்கள். அண்மையில் மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் திரும்பவும் சுப்பிரமணியன் வைத்த பெயரையே எடுத்துக்கொண்டார்கள். எழுபது வருடத்துக்கு முன்னால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து ஒருவர் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஒரே ராத்திரியில் எப்படிக் கடல் முழுக்கப் பெருகும்?

ஒரே ராத்திரியில் பெருகுவதில்லை. ஒரு நாக்டிலூகா இரண்டாக உடைய ஒன்றிரண்டு நாளாவது ஆகும். நமக்குத் தெரியாமல் கடலில் பல நாளாகப் பெருகிக்கொண்டு இருந்திருக்கும், ஆனால் காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருப்பதால் கண்ணில் படாது. வாளியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதன் உடலுக்குள் அமோனியம் உப்புக் கரைசல் இருக்கிறது, அது கடல் தண்ணீரை விட லேசு, அதனால் தண்ணீர் அடங்கினால் எல்லாம் மேலே ஏறிவிடும். காற்று ஓய்ந்து கடல் ஒரு நாள் கண்ணாடி மாதிரி கிடந்தால் போதும், ஐந்தாறு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் பரவிக் கிடந்தது எல்லாம் மேற்பரப்பில் ஒரு படலமாகச் சேரும். அப்புறம் லேசான தென்காற்றும் நீரோட்டமும் அந்தப் படலத்தைக் கரைப் பக்கம் ஒதுக்கும், தீவுக்கும் கரைக்கும் நடுவில் கொண்டுவந்து அடைக்கும். ராத்திரியில் நடந்தது இந்தச் சேர்க்கைதான்.

யாரோ கடலில் ரசாயனத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஒவ்வொரு முறையும் வருகிறது. சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். சாயமோ ரசாயனமோ கலந்த தண்ணீரை வாளியில் வைத்தால் நிறம் தண்ணீரோடு கலந்தே நிற்கும், மேலே தனியாக ஏறாது. பூங்கோரை தனியாகப் பிரிந்து மேலே நிற்கும், உருண்டை தெரியும். அதற்காக யாரும் எதையும் கடலில் விடுவதில்லை என்று நான் சொல்லவில்லை, ஊர்ச் சாக்கடை நேராகக் கடலில் விழுகிற இடத்தை நம் கண்ணால் பார்க்கிறோம். இந்தப் பச்சைக்கு மட்டும் காரணம் ஒரு உயிர்.

விஷம் இல்லை என்றால் மீன் ஏன் சாகிறது?

மூச்சு முட்டித்தான்.

நாம் இழுக்கிற ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் கடல் போல 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிற ஒரு லிட்டர் கடல் தண்ணீரில், எல்லாம் நன்றாக இருக்கிற நாளிலேயே, கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம்தான். மீன் எப்போதுமே விளிம்பில்தான் வாழ்கிறது. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன், நண்டு, சங்குக்கு நெருக்கடி. சரி, பூங்கோரை அடிக்கும்போது என்ன ஆகிறது? பகலில் உள்ளே இருக்கிற பச்சை உயிர்கள் ஆக்சிஜனை வெளியே விடும், பிரச்சினை பெரிதாகத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் தயாரிப்பு நின்றுவிடும், ஆனால் கோடிக்கணக்கான செல்களும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல், ஆயுள் முடிந்த செல்கள் வெடித்துக் கீழே படியும், அவற்றை அழுக வைக்கிற பாக்டீரியாவும் மிச்சம் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் நிலைமை மிக மோசமாக இருக்கும். காலையில் போனால் புதுச் சாவு கிடக்கிறதே, அதன் காரணம் இது.

இன்னும் இரண்டு விஷயம் சேர்கிறது. செல் வெடிக்கும்போது உள்ளே சேர்த்து வைத்திருந்த அமோனியா தண்ணீரில் கலக்கும், அது மீனின் செவுளைத் தாக்கும். அந்தக் கொழகொழப்புப் படலம் செவுளில் ஒட்டி அடைக்கவும் செய்யும். ஆகவே விஷம் என்ற ஒன்றே கிடையாது என்று சொன்னால் முழு உண்மை ஆகாது, ஆனால் சில பாசிகள் சுரக்கிற நரம்பு விஷம் மாதிரி எதுவும் இதில் கிடையாது. கொல்வதில் முதல் பங்கு மூச்சுத் திணறலுக்கு.

அந்த 2019 காலையில் கரை ஓரம் ஒரு விலாங்கைப் பார்த்தேன். பாறை இடுக்கை விட்டுப் பகலில் வெளியே வராத மீன் அது. முழங்கால் அளவுத் தண்ணீரில் தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, மனிதன் பக்கத்தில் நிற்கிறான் என்ற பயமே இல்லாமல் என் காலைச் சுற்றி வந்தது. தூக்கிக்கொண்டு போய் நல்ல தண்ணீரில் விடலாம் என்றால் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

எந்த மீன் அதிகமாகச் சாகும்?

ஓடித் தப்பிக்க முடியாதது. சூடை, சாளை, சீலா மாதிரி கூட்டமாக ஓடுகிற மீன் தண்ணீர் கெட்டதும் விலகிப் போய்விடும், அந்த நாட்களில் கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும் மீன்பாடு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். பாரையே, அதாவது கடலடிப் பாறைத் திட்டையே, வீடாக வைத்திருக்கிற களவா, கிளிமீன், ஓரா, விலாங்கு போன்றவையும், அடியில் கிடக்கிற நண்டு, சிப்பி, சங்கு வகைகளும்தான் மாட்டிக்கொள்ளும்.

பவளப்பாருக்கு என்ன ஆயிற்று? அது கல்தானே?

கல் மாதிரி இருக்கும், உயிர். ஓடிப்போக முடியாதவற்றிலேயே கடைசி ஆள் அதுதான், நட்ட இடத்தை விட்டு அசையவே முடியாது. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றில் ஏழு மண்டபம் பக்கத்தில் இருக்கின்றன. சிங்கிள் தீவு, குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. 2019 செப்டம்பரில் தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் சிங்கிள் தீவுப் பக்கம் மூழ்கிப் பார்த்தார்கள். அங்கே கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா, அதோடு மான்டிபோரா, போசில்லோபோரா வகைகள் சில நாட்களுக்குள்ளேயே செத்துப்போயிருந்தன. அடுத்த ஆண்டே ஆய்வுக் கட்டுரையாக அது வெளிவந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பவளம் வெளுப்பது பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருடங்களில் நம் பவளமும் வெளுத்தது. சூடேறி வெளுத்தால் பவளத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் உண்டு, கடல் குளிர்ந்தால் மீளவும் செய்யும். மூச்சு முட்டினால் அவகாசமே கிடையாது, ஒன்றிரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். வேகமாக வளர்கிற வகைதான் சூட்டுக்குப் பிறகு பாரை மறுபடி நிரப்ப வேண்டிய வகை, அதுவே முதலில் போய்விட்டால் அந்த இடம் தேற ரொம்ப வருடம் பிடிக்கும்.

தாத்தா காலத்தில் இதெல்லாம் இல்லை என்கிறார்களே?

இருந்தது. 1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது, நாடு முழுக்கக் கிளை விட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஆரம்ப காலத்தில் நம் மண்டபத்தில்தான் இருந்தது, 1971-இல்தான் கொச்சிக்குப் போனது. தொடங்கிய சில வருடத்திலேயே அங்கே வேலை பார்த்த ஆர். ரகு பிரசாத், பாக் விரிகுடாவில், அதாவது நம் வடகடலில், நாக்டிலூகா கூட்டமாகப் பெருகியதையும் அது சூடை மீன்பாட்டைப் பாதித்ததையும் பற்றி 1953-இல் எழுதினார். ஆய்வுக் கட்டுரையிலேயே ‘சூடை’ என்ற நம் சொல்லை அப்படியே போட்டிருந்தார், அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மலபார்க் கரையில் மீன்பாடு திடீர் திடீரென்று விழுந்ததற்கு இந்த மாதிரி நிறம் மாறிய தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று 1950-லேயே அங்கே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு 2008 அக்டோபர் முதல் பாதியில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே பெரிதாக அடித்தது, மீனும் செத்தது, பவளமும் பாதித்தது. அடுத்த பெரியது 2019. பழசுதான், ஆனால் முன்பு சூடையை விரட்டியதாகப் பதிவான உயிர், இந்த இரண்டு முறையும் பவளம் வரைக்கும் கை வைத்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்த நாட்களில் மீன் சாப்பிடலாமா? குளிக்கலாமா?

கரை ஒதுங்கிய மீனை எடுக்கவே எடுக்காதீர்கள், கருவாட்டுக்கும் வேண்டாம். எப்போது செத்தது என்று தெரியாத மீன், நம் வெயிலில் மணிக்கணக்கில் கெட்டுவிடும். வேறு இடத்தில் வலைபோட்டு உயிரோடு பிடித்து வந்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் பீதியில் நல்ல மீனுக்கும் விலை விழுந்து, மீன் விற்கிற அம்மாக்கள் கூடையோடு திரும்பிப் போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும்.

மட்டி, சிப்பி விஷயத்தில் மட்டும் இன்னும் ஜாக்கிரதை. அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, தண்ணீரில் இருப்பதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பூங்கோரைக்கு நரம்பு விஷம் இல்லை என்றாலும் கூடவே வேறு வகை இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கல்பாக்கத்துக்குப் பக்கம் வாயலூரில் 1981-இல் மட்டி சாப்பிட்டவர்கள் கூட்டமாக நோயுற்று, 3 பேர் இறந்தார்கள், அது வேறு நுண்பாசியின் விஷம் மட்டியில் சேர்ந்ததால் வந்தது. சமைத்தாலும் போகாத விஷம் அது. நிறம் மாறிய தண்ணீரில் எடுத்த மட்டியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள்.

குளிப்பது வேண்டாம். அமோனியா சிலருக்கு அரிப்பும் கண் எரிச்சலும் தரும். பாசிக்குப் போகிற அக்காமார் படலம் இருக்கிற இடத்தில் மூழ்காமல் இருப்பது நல்லது.

கடல் பச்சையானால் எல்லாமே பூங்கோரைதானா?

இல்லை. வெறும் நுண்பாசி பெருகினாலும் பச்சை தட்டும், ஆனால் அதில் உருண்டை தெரியாது. இன்னொன்று, வெயில் காலத்தில் மரம் அறுத்த தூளைக் கொட்டிய மாதிரி பழுப்பாகக் கோடு கோடாக மிதக்குமே, அது ட்ரைக்கோடெஸ்மியம், வேறு இனம். அது காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துக் கடலுக்கு உரமாக்கித் தருகிற உயிர், பெரும்பாலும் வந்த வழியே போய்விடும்.

இருட்டில் அலை நீலமாக மின்னுவதும் இதுதானா?

அப்படி மின்னுகிறவற்றில் இதுவும் ஒன்று, பெயரிலேயே இருக்கிறது, நாக்டிலூகா என்றால் லத்தீனில் இரவு விளக்கு என்று பொருள் வரும். 2019 ஆகஸ்ட் 18 ராத்திரி சென்னை திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் அலை நீலமாக மின்னிக் கூட்டம் கூடியதே, அதற்கும் நாக்டிலூகாவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். செல்லைத் தொட்டாலோ அலை அடித்தாலோ உள்ளே ஒரு ரசாயன மாற்றம் நடந்து, கண் இமைப்பதை விடக் குறைந்த நேரத்துக்கு நீல வெளிச்சம் வரும், சூடு இருக்காது. தன்னைத் தின்ன வருகிற சிற்றுயிரை வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுத்தால், அதைத் தின்ன பெரிய மீன் வரும், தான் தப்பிக்கலாம், அதற்கான ஏற்பாடு என்பது ஒரு விளக்கம். அழகாகத்தான் இருக்கும், பாருங்கள், படம் எடுங்கள். கால் வைத்துக் கலக்கி விளையாடுவதை மட்டும் தவிர்க்கலாம்.

சரி, ஏன் இப்போது அதிகமாக வருகிறது? சாக்கடையா, கடல் சூடாவதா?

ஒற்றைக் காரணம் சொல்கிறவரை நம்பாதீர்கள். அரபிக்கடலில் இதை ரொம்ப வருடமாக ஆராய்கிறார்கள், அங்கேயே சண்டை தீரவில்லை. 2000-க்குப் பிறகு அங்கே குளிர்காலத்தில், முன்பு டையாட்டம் என்கிற நுண்பாசி இருந்த இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து லமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தில் இருக்கும் ஹெல்கா கோமஸ், ஜோக்கிம் கோஸ் ஆகியோரின் குழு, ஆழத்திலிருந்து ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் மேலே வருவதுதான் இதற்குச் சாதகமாகிறது என்று 2014-இல் எழுதியது. இமயமலையில் பனி குறைவதால் குளிர்காலக் காற்று சூடும் ஈரமுமாக வந்து கடலைப் பழைய மாதிரி கலக்குவதில்லை, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று 2020-இல் இன்னொரு கட்டுரை. நம் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. நாக்டிலூகா பெருகிய இடத்து மேல் தண்ணீரில் ஆக்சிஜன் குறையவே இல்லை, வேறு காரணம் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் அளந்து பார்த்துத்தான் பேசுகிறார்கள், அதனால் இரண்டையும் மதித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் கடலுக்கு வந்தால், தின்பதற்கு நுண்பாசி வேண்டும், நுண்பாசிக்கு உரம் வேண்டும், உரம் மழையோடும் சாக்கடையோடும் கடல் அடியிலிருந்தும் வரும், அப்புறம் காற்று அடங்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இதில் நம் கையில் இருப்பது சாக்கடை ஒன்றுதான். மற்றது நம் கையில் இல்லை என்பதற்காக அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

முன்கூட்டியே சொல்ல முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், நமக்கு மீன் கூடும் இடமும் அலை எச்சரிக்கையும் தருகிற அதே நிறுவனம், பாசிப் பெருக்கத்துக்கும் தகவல் சேவை நடத்துகிறது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தை அளந்து அனுப்புவதை வைத்துச் சொல்கிறார்கள். இந்தியாவில் அடிக்கடி பெருக்கம் வருகிற நான்கு இடங்களாக அவர்கள் குறித்திருப்பவற்றில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. ஆனால் மேகம் மூடினால் அந்த வகை செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது, தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமே இல்லாத இடத்தில் அடிமண்ணும் கடல் புல்லும் நிறத்தைக் குழப்பும். அங்கே படகில் போகிறவர் கண்ணுக்கு ஈடு இல்லை.

மருந்து தெளித்து அழித்துவிடலாமே?

வேண்டவே வேண்டாம். செல்லைக் கொன்றால் உள்ளே இருக்கிற அமோனியா ஒரே நேரத்தில் வெளியே வரும், அழுகலும் ஒரே நேரத்தில் நடக்கும். தென்கொரியாவில் வேறு ஒரு வகைப் பெருக்கத்துக்குக் களிமண் தூவுகிறார்கள், நம் பவளத்தின் மேல் களிமண் விழுந்தால் அதுவே சமாதி.

கூண்டில் கடல் விரால் வளர்க்கிறோம், நாங்கள் என்ன செய்வது?

பாரில் இருக்கிற மீனுக்கும் கூண்டில் இருக்கிற மீனுக்கும் ஒரே கதி, இரண்டும் ஓட முடியாது. மேல் தண்ணீரில் பச்சை தட்டுகிறது என்று தெரிந்ததுமே தீனியை நிறுத்துங்கள், வயிறு நிறைந்த மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதா என்று விடியற்காலையில் பாருங்கள். விற்கிற எடைக்கு வந்திருந்தால் காத்திருக்காமல் பிடித்துவிடுவது நல்லது. கூண்டை இழுத்துக் கொண்டுபோக வசதி இருந்தால் நீரோட்டம் உள்ள ஆழமான இடத்துக்கு மாற்றலாம், ஆனால் படலம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று காற்றைப் பார்த்துவிட்டு இழுங்கள்.

நான் கடலுக்குப் போகிறவன். முதலில் என் கண்ணில்தான் படும். யாரிடம் சொல்வது, என்ன சொல்வது?

தம்பி, உன் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். முதலில் நேரத்தைக் குறித்துக்கொள். ஃபோனில் இடக் குறியீட்டைப் போட்டு இரண்டு படம், ஒன்று தூரத்திலிருந்து படலத்தின் அகலம் தெரிகிற மாதிரி, ஒன்று கிட்டத்தில். காற்று எந்தப் பக்கம், சோழகமா கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எழுது, உனக்குத் தெரிந்த அளவுக்கு அது கரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. காலித் தண்ணீர் பாட்டிலில் விளிம்பு வரைக்கும் நிரப்பாமல் முக்கால்வாசி மோந்து, துணியைச் சுற்றி நிழலில் வை, வெயிலில் வைத்தால் செல் வெடித்து வெறும் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ, ராமநாதபுரத்தில் இருக்கும் கடல்சார் தேசியப் பூங்காவின் வன அலுவலகத்திலோ, மீன்வளத் துறையிலோ அன்றைக்கே கொடு. இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் பயன் பாதிதான். செத்த மீன் கண்ணில் பட்டால் என்ன வகை, எத்தனை, எந்த ஆழத்துப் பக்கம் என்று சொல். பவளம் இருக்கிற பாருக்கு மேலே படலம் நிற்கிறது என்றால் அதை முதல் வரியில் சொல், மூழ்கிப் பார்க்கிறவர்கள் அந்த இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.